கேட்டது நான், பதில் சேருக்கு

மீன் தொட்டிக்கு அலை போடும் பம்ப் வாங்கப் போகும் பெண்களே, தயவுசெய்து கணவரை வெளியே நிறுத்திவிட்டுப் போங்கள். அவர் உள்ளே வந்தால் கடைக்காரரின் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

நேற்று கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடையில், கேட்டவள் நான். "அண்ணா, 200 லீட்டர் கடல்நீர்த் தொட்டி. ஒரு சோடி கோமாளி மீன், கொஞ்சம் கல், மென்மணல். மணிக்கு 2000 முதல் 4000 லீட்டர் வரை தள்ளக்கூடிய, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பம்ப் இருக்கிறதா?" இதைவிடத் தெளிவாகக் கேட்பதென்றால் நொத்தாரிசை வைத்துத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடைக்காரர் என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "சேர், இதை எடுங்கள். மணிக்கு 12,000 லீட்டர். நிறையப் பேர் கொண்டுபோகிறார்கள்."

சேருக்கு மீன் என்றால் குழம்பு. பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்து "ம்" என்றார். அந்த "ம்"முடன் வியாபாரம் முடிந்துவிட்டதாம், பில் புத்தகம் வெளியே வருகிறது!

மணிக்கு 60 தடவை தொட்டித் தண்ணீரைப் புரட்டினால் மணல் எழும்பும், மீன் மூலையில் ஒட்டிக்கொள்ளும் என்றேன். அத்தனை வேகம் கேட்பவை சில கடினப் பவளங்கள். அவற்றைக் கடலில் உடைத்து எடுப்பதே இந்த நாட்டில் குற்றம். பிறகு யாருக்காக இந்தப் புயல்? "பெரிய தொட்டி வாங்கும்போது உதவும், சேர்."

பெட்டியில் 110 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று போட்டிருந்தது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230, 50. "ஒரு டிரான்ஸ்ஃபோமர் போட்டால் சரி, சேர்." ஐயா, அது வோல்ட்டை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது! ஹேர்ட்ஸுக்கு ஏற்பச் சுற்றும் இந்த ஏ.சி. மோட்டார், இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும்.

ஒரே திசையில் அடித்துக்கொண்டேயிருந்தால் கல்லுக்குப் பின்னால் கழிவு தேங்குமே, விட்டு விட்டு அடிக்குமா என்று கேட்டேன். "இல்லை சேர், நிற்கவே நிற்காது!" என்றார். என்ன பெருமை அந்த முகத்தில்!

கடைசியாக, பம்பைக் கண்ணாடியில் பிடித்து நிறுத்தும் காந்தத்துக்கு வந்தோம். "கண்ணாடி எத்தனை மில்லிமீற்றர், சேர்?" சேர் இரண்டு விரலை விரித்து மீன் அடைத்த ஒரு மாலுபாண் தடிப்பைக் காட்டினார். பத்து என்றேன். கடைக்காரர் இன்னும் அந்த விரல்களைத்தான் அளந்துகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெறுங்கையோடு வெளியே வந்தேன். ரயில் பாதைக்கு அப்பால் கடல், நான் கேட்டபடியே, முன்னும் பின்னுமாக அடித்துக்கொண்டிருந்தது.