பஸ் நாட் ஸ்டாப்

இரண்டு மாணவர்களின் ஆங்கில அசைன்மென்ட் தாள்களை அருகருகே வைத்து, மார்க்கைக் கிண்டல் செய்து இணையத்தில் சுற்றுகிறதே, அந்தப் படத்தை இதுவரை பதினோரு பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள், "மேம், இது உங்க காலேஜா?" என்று கேட்டு. ஆமாம், என் கல்லூரிதான். சிவப்பு மையில் இருப்பது என் கையெழுத்துதான். இடது பக்கத் தாளுக்குப் பத்துக்கு 2, வலது பக்கத் தாளுக்குப் பத்துக்கு 7 போட்டதும் நான்தான். "தப்பும் தவறுமா எழுதினவளுக்கு 7, சரியா எழுதினவனுக்கு 2, விளங்கிடும்" என்று எழுதிய தோழருக்கு நாலாயிரம் லைக். வாழ்த்துகள் தோழர்.

பகுதி இரண்டு ஆங்கிலம், முதலாமாண்டு பி.காம். அசைன்மென்ட் தலைப்பு: நான் கல்லூரிக்கு வரும் வழி. பதினைந்து வரி போதும் என்றேன். இடது பக்கத் தாளில் பிழையே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். சாலையின் இருபுறமும் மேப்பிள் மரங்கள். இலையுதிர் காலத்தில் அவை பொன்னிறமாகிவிடுமாம். முனையில் ஒரு பேக்கரி, காலையில் குரோசான் வாசனை. பையன் வருவது உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து. அந்த ரோட்டில் நானும் போயிருக்கிறேன். புளியமரம் இருந்தது, அகலப்படுத்தும்போது அதையும் வெட்டிவிட்டார்கள்.

நான் திருத்துவது மாணவர் எழுதியதை. ஏஐ எழுதியதற்கு மார்க் போட எனக்குச் சம்பளம் இல்லை. தாளின் அடியில் "ரீரைட் அண்ட் மீட் மீ" என்று எழுதியிருந்தேன். திரும்ப எழுதி வந்தால் முழு மார்க்குக்கே திருத்துகிறேன் என்று வகுப்பிலும் சொன்னேன். படத்தைப் போட்டவர் அந்த வரியை மட்டும் அழகாக வெட்டிவிட்டார்.

"முதல் தலைமுறைப் பட்டதாரி, அவன் வாழ்க்கையில் விளையாடலாமா?" சரி, கணக்குப் பார்ப்போம். எங்களுக்கு அகமதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. அந்த 25-இல் அசைன்மென்ட்டுக்கு 5. பத்துக்கு 2 வாங்கினால் ஐந்தில் 1, 7 வாங்கினால் மூன்றரை. நூற்றுக்கு இரண்டரை மார்க் வித்தியாசம். டிகிரியில் முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்று ஊர் கேட்பது மேஜரை, அதாவது முக்கியப் பாடத்தை வைத்து. அந்தக் கணக்கில் என் பேப்பர் வரவே வராது. இதுதான் நான் அழித்த வாழ்க்கை.

முதல் தலைமுறை என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நானும் அதே வகைதான். 2003-இல் பிளஸ் டூ. அப்போது ஆங்கிலம் இரண்டு தாள், 200 மார்க். நான் 158. அந்த 158-இல் ஒரு வாக்கியம்கூட என்னுடையது இல்லை, எல்லாம் கைடு. கல்லூரி சேர்ந்த இரண்டாவது மாதம் பாட்டி இறந்துவிட்டார். ஊருக்குப் போய்விட்டு வந்து லீவ் லெட்டர் கொடுத்தேன். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்". எனக்குத் தெரிந்த ஒரே லீவ் லெட்டர் அதுதான். சார் நிமிர்ந்து பார்த்து, "காய்ச்சலாம்மா?" என்றார். "இல்ல சார், பாட்டி செத்துப்போச்சு." "அப்ப அதை எழுது." நின்ற இடத்திலேயே எழுதினேன், "மை கிராண்ட்மதர் டை". அவர் கடைசியில் ஒரு 'டி' மட்டும் சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் சொந்த ஆங்கிலம் தொடங்கியது அங்கேதான். இருபது வருஷம் கழித்து நான் செய்வதும் அதே வேலைதான்.

"நீங்கள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் அவன் ஏன் ஏஐ-யிடம் போகிறான்?" இந்தக் கேள்வி மட்டும் கொஞ்சம் உறைக்கிறது. ஒரு வகுப்பில் 64 பேர், இப்படி நான்கு வகுப்பு. எல்லாத் தாளையும் வரி வரியாகப் படிக்கிறேன் என்று சொன்னால் பொய். ஆனால் இதைப் படித்தேனே ஐயா! படித்ததால்தானே மேப்பிள் மரம் கண்ணில் பட்டது? படிக்காமல் எல்லோருக்கும் 8 போட்டிருந்தால் இந்தப் போஸ்ட்டும் இல்லை, நான் நல்ல மேம்.

"நாளைக்கு வேலைக்குப் போனால் எல்லாரும் ஏஐ தானே?" போனபிறகு பயன்படுத்தட்டும்.

"ஒரு கௌரவ விரிவுரையாளருக்கு இவ்வளவு திமிரா?" இதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. வருஷத்துக்குப் பதினோரு மாதம் சம்பளம், மே மாதம் கௌரவம் மட்டும். அது ஒரு கமென்ட்டுக்குப் போதுமான நகைச்சுவைதான், சிரித்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பார்த்துச் சிரித்ததுகூடப் பரவாயில்லை. வலது பக்கத் தாள் ஒரு பெண் பிள்ளையுடையது. பன்னிரண்டு வருஷம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். அவள் எழுதியது: "மார்னிங் 7.10 பஸ். பஸ் இஸ் ஃப்ரீ ஃபார் லேடீஸ். ஸோ பஸ் நாட் ஸ்டாப். ஐ ரன். மை செருப்பு கட். டிரைவர் லுக் மிரர் அண்ட் கோ." டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் போகிறார் என்பதை அவள் கவனித்திருக்கிறாள். இதற்கு 7 போடாமல் வேறு எதற்குப் போடுவேன்? அந்த 'செருப்பு'க்குக் கீழே எழுபது பேர் வரிசையாக உட்கார்ந்து சிரித்திருக்கிறீர்கள். ஒருவர் பெரிய மனசு பண்ணி "பஸ் டிட் நாட் ஸ்டாப்" என்று திருத்தியும் கொடுத்திருக்கிறார். அவளுக்குப் பதினெட்டு வயது. அவளிடமும் போன் இருக்கிறது. எல்லாவற்றையும் படித்தாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்தாள். அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். "மேம், அந்த அண்ணன் 'டிட் நாட்'னு போட்டிருக்காரு. பஸ் தினமும்தானே நிக்கிறதில்ல? அப்ப 'டஸ் நாட்'தானே வரும்?"

இன்னும் ஒரு மார்க் சேர்த்து 8 ஆக்கிவிட்டேன். வேண்டுமானால் அதையும் படம் பிடித்துப் போடுங்கள்.