தன்னார்வலருக்கு உதவுகிறவர்கள்

ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குத் தொண்டு செய்யப் போகும் வெளிநாட்டு இளைஞர்களைப் பற்றி எழுதுகிறவர்கள், போனவர் அந்த ஊருக்கு என்ன கொடுத்தார் என்பதையே பெரிதும் எழுதுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் வேலை நிமித்தமாகச் செனகலில், தியேஸ் நகரை ஒட்டிய ஊர் ஒன்றில் தங்கியிருந்தபோது, அந்தக் கணக்கில், போனவர் பெற்றதைச் சொல்லும் வரவுப் பக்கம் எழுதப்படாமலே கிடப்பதைக் கண்டேன்.

வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பில் பணிக்காலம் 27 மாதம். அதில் ஏறக்குறைய மூன்று மாதம் பயிற்சி. அப்போது உள்ளூர்க் குடும்பத்தோடு தங்க வேண்டும். வந்து இறங்கியவருக்கு அந்தக் குடும்பம் முதலில் பெயர் வைக்கிறது, தன் குடும்பப் பெயரையும் கொடுத்துவிடுகிறது. நேற்றுவரை அமெரிக்கப் பெண்ணாக இருந்தவள் இன்று ஜோப் வீட்டுப் பெண் ஆகிவிட்டால், என்ஜாய் என்ற குடும்பப் பெயர் கொண்ட எவரும் (நம் காதுக்கு வேடிக்கையாக ஒலித்தாலும் அங்கே அது மிகப் பரவலான பெயர்) சந்தையில் அவளைச் 'சோற்றுக்கென்றே பிறந்தவள்' என்று கேலி செய்யலாம்; இந்த இரு குடும்பப் பெயர்க்காரர்களும் ஒருவரையொருவர் கேலி செய்வது அங்கே மரபு. அவளும் சளைக்காமல் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். மாமன் மச்சான் கேலியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எதிர்வீட்டில் அப்படி வந்திருந்த பெண்ணோடு ஒரு நாள் மதியம் சாப்பிட்டேன். செபு ஜென்: மீனும் தக்காளியும் கொதித்த சாற்றில் வெந்த நொய்யரிசிச் சோறு. ஒரே பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து, அவரவர் முன்னால் இருக்கும் பகுதியை மட்டும் வலக்கையால் உண்ண வேண்டும். நடுவில் இருக்கும் மீனை வீட்டம்மா பிய்த்து, முள் நீக்கி, ஒவ்வொருவர் பக்கமாகத் தள்ளினார். பெரும்பகுதி அந்தப் பெண்ணின் பக்கமே போனது. அவள் 'சூர் நா' (வயிறு நிறைந்துவிட்டது) என்றாள். அவர் அவளுடைய உச்சரிப்பைத் திருத்திவிட்டு, 'லெக்கல்', சாப்பிடு, என்று இன்னொரு துண்டைத் தள்ளினார். அங்கே பேசப்படும் வோலோஃப் மொழியில் தாயை யாய் என்கிறார்கள். சங்கத் தமிழிலும் அதுவே சொல். தற்செயல்தான், ஆனாலும் அன்று அது எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

தங்கும் செலவுக்குக் குடும்பத்துக்குப் பணம் தரப்படுகிறது, உண்மைதான். ஆனால் பேசவும் உட்காரவும் உண்ணவும் கற்றுக்கொடுக்கிற உழைப்புக்கு அதில் கணக்கில்லை. இரண்டு ஆண்டு இருப்பவர் அந்த உழைப்பைத் தம் பணியிலாவது திருப்பித் தரக்கூடும். இரண்டே வாரத்துக்கு வந்து, சுவருக்கு வண்ணம் பூசி, குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவருக்கும் அதே வீட்டம்மாதான் வணக்கம் சொல்லப் பழக்குகிறார்; அடுத்த மாதம் வருகிறவருக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். இத்தகைய குறுகிய பயணங்களை விற்கும் நிறுவனங்கள், உள்ளூர் மொழியில் நான்கு வாக்கியம்கூடத் தெரியாதவரை ஒரு குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது என்பதே என் கருத்து.

2020 மார்ச்சில், கொரோனா காரணமாக, பீஸ் கோர் உலகெங்கும் இருந்த தன் ஏறக்குறைய 7,000 தன்னார்வலர்களைச் சில நாட்களில் திருப்பி அழைத்துக்கொண்டது. பலருக்கு முறையாக விடைபெறவும் நேரம் கிடைக்கவில்லை. செனகலில் நெடும்பயணம் போகிறவருக்கு இடக்கையைக் கொடுத்து விடைதருவது வழக்கம். இடக்கை நீட்டுவது மரியாதைக் குறைவு. அந்தத் தவற்றைச் சரிசெய்யவாவது போனவர் திரும்பி வர வேண்டும் என்பது அதன் பொருள்.