சிஸ்டம் நின்றால் பேங்க் ஏன் நிற்க வேண்டும்?

வித்ட்ராயல் ஸ்லிப்போடு இரண்டாயிரம் ரூபாய் எடுக்க வந்த ஒரு பென்ஷன்காரப் பெரியவரை, "சிஸ்டம் இல்லை, நாளைக்கு வாங்க" என்று பேங்கில் திருப்பி அனுப்பியதைப் பற்றித் திங்கட்கிழமை எழுதியிருந்தேன். அதற்கு வந்த பதில்களை எல்லாம் படித்தேன். "பெரியவர் ஜிபே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?" "ஏடிஎம் கார்டு எதற்கு இருக்கிறது?" "இந்தக் காலத்திலும் வித்ட்ராயல் ஸ்லிப்பா!" கூடவே சிரிக்கிற பொம்மைகள். சந்தோஷம். நான் கேட்ட கேள்விக்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. சிஸ்டம் நின்றால் பேங்க் ஏன் நிற்க வேண்டும்?

கம்ப்யூட்டரே வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அது நின்றுபோகும் நேரத்துக்கு ஒரு கைவழி இருக்க வேண்டும் என்கிறேன். "சிஸ்டம் இல்லை, நாளைக்கு வாங்க" என்று சொல்ல கவுன்ட்டரில் ஆள் எதற்கு? வாசலில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டால் போதுமே.

நான் பேங்கில் குமாஸ்தாவாகச் சேர்ந்த காலத்தில் எல்லாம் லெட்ஜர்தான், அதாவது கையால் எழுதும் கணக்குப் பேரேடு. ஸ்லிப்பை வாங்கிப் பித்தளை டோக்கனைக் கொடுப்போம். லெட்ஜரைப் புரட்டிப் பற்று எழுதி அனுப்பினால், ஆபீசர் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டு பாஸ் பண்ணுவார். அப்புறம் கேஷியர் டோக்கன் நம்பரைக் கூப்பிடுவார். சாயந்தரம் கணக்கு டேலி ஆகாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா என்று முதலில் பார்ப்போம். வகுபட்டால் யாரோ 45ஐ 54 என்று எழுதியிருக்க வாய்ப்புண்டு. தாமதமாகும்தான், வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்து தூங்கியே விடுவார். ஆனால் கரன்ட் போனது என்று யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. மெழுகுவத்தி ஏற்றி வைத்து எழுதுவோம்.

"நீங்கள்தானே கம்ப்யூட்டரை எதிர்த்துக் கொடி பிடித்தவர்கள்?" என்று ஒருவர் கேட்பார், தெரியும். பேங்க் ஊழியர் சங்கங்கள் எதிர்த்தது உண்மை, 1983இல் கம்ப்யூட்டருக்கு ஒத்துக்கொண்டு ஒப்பந்தம் போட்டதும் உண்மை. ஏஎல்பிஎம் என்கிற லெட்ஜர் மெஷின் எங்கள் கிளைக்கு வந்தபோது, ராத்திரி வரை உட்கார்ந்து பேலன்ஸ்களை ஏற்றியது நாங்கள்தான். அது எதுவும் உங்கள் கண்ணில் படாது, கொடி மட்டும் படும்.

"பேலன்ஸ் தெரியாமல் எப்படிப் பணம் கொடுப்பது?" இது நியாயமான கேள்வி. எல்லாக் கிளைகளையும் ஒன்றாக இணைக்கும் கோர் பேங்கிங் வந்தபின் கணக்கு கிளையில் இல்லை, எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது. பெரியவர் காலையில் ஏடிஎம்மில் மொத்தத்தையும் எடுத்திருந்தால்கூட கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணுக்குத் தெரிய வழியில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கேட்டது இரண்டாயிரம் ரூபாய். பாஸ்புக் கையில் இருக்கிறது, மாதாமாதம் பென்ஷன் வருகிற கணக்கு. இப்படிப்பட்டவர்களுக்கு இவ்வளவு வரை கொடுக்கலாம், சிஸ்டம் வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விதி எழுத முடியாதா? கோடிக் கோடியாய் கடன் கொடுத்துவிட்டு, அது திரும்பி வராது என்று கணக்கிலிருந்து ரைட் ஆஃப் பண்ணும்போது வராத பயம் இந்த இரண்டாயிரத்துக்கு வருகிறது. ரிசர்வ் பேங்க் சொல்கிறபடி மாற்று சர்வர், மாற்று ஊரில் சென்டர் எல்லாம் வைத்திருக்கிறார்கள். கவுன்ட்டருக்குத்தான் ஒரு ரசீதுப் புத்தகம்கூட இல்லை.

எப்போதோ ஒருமுறை நடப்பதைப் பெரிதுபடுத்துகிறேனாம். 2024 ஜூலை 19 மறந்துவிட்டதா? ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. ஹைதராபாத் விமான நிலையத்தில் கையால் எழுதிய போர்டிங் பாஸை எல்லோரும் ஆசையாகப் பகிர்ந்தீர்கள். விமானத்துக்குக் கையால் எழுதினால் அழகு, பென்ஷன்காரர் ஸ்லிப் எழுதினால் சிரிப்பு! 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை யுபிஐ முடங்கியபோது டீக்கடை வாசலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் என்னைப் போன்ற கிழடுகள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

2018 கஜா புயலில் பட்டுக்கோட்டைப் பக்கம் என் தங்கை வீட்டில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்துத்தான் போனுக்கு சார்ஜ் ஏற்றினார்கள். கார்டு இருந்தது, அதைத் தேய்க்க மெஷின் இல்லை. தெருமுனை மளிகைக்கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசியும் பருப்பும் கொடுத்தார். அவர் எந்த டேட்டா சென்டரைக் கேட்டார்? ஆளைத் தெரியும், கொடுத்தார். இன்றைக்குக் கிளையில் யாருக்கு யாரைத் தெரியும்? மூன்று வருஷத்தில் மாற்றல். கவுன்ட்டரில் இருக்கும் அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்கு யாரும் லெட்ஜரைக் காட்டியதே இல்லை.

காட்டியிருக்கலாம். எங்களைக் கேட்டிருக்கலாம். கம்ப்யூட்டர் வந்ததும், அதுவரை நாங்கள் கற்றது எல்லாம் பழைய பேப்பர் விலைக்குப் போய்விட்டது. வீட்டிலும் இதே கதைதான். போனில் ஏதாவது சந்தேகம் கேட்டால், மகன் வாங்கி நாலு அமுக்கு அமுக்கித் திருப்பிக் கொடுக்கிறான். எப்படிச் செய்தாய் என்றால், "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" இவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தபோது நான் அப்படிக் கேட்கவில்லை.

"காலம் மாறிப்போச்சு ஆன்ட்டி" என்று எழுதக் காத்திருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். பிளாக் பண்ணுவது எப்படி என்று யார் உதவியும் இல்லாமல் நானே கற்றுக்கொண்டுவிட்டேன்.