‘கெட்டுப்போனவ’ என்ற சொல்லைப் பற்றி

எங்கள் ஆச்சி கடைசி இரண்டு வருஷம் படுத்த படுக்கை. சேரன்மகாதேவிப் பக்கம், தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். அந்த இரண்டு வருஷமும் பொழுது சாய்ந்த பிறகு புறவாசல் வழியாக ஒருத்தி வருவாள். ஆச்சியைத் துடைத்துவிட்டு, மூத்திரத் துணியை அலசிப் போட்டு, தலை வாரிவிட்டு, தெருவில் ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும் போய்விடுவாள். அவள் என் அத்தை. ஆச்சி பெற்ற ஒரே மகள். 1991இல் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். பீடி சுற்றி இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைத்தவள்.

ஆச்சி இறந்த அன்றைக்கு அத்தை தெருமுனை வேப்பமரத்தடியில் நின்றாள். ஆச்சியைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்தாயிற்று. வாய்க்கரிசி போட அவளை விடவில்லை. “கெட்டுப்போனவ கை படக்கூடாது” என்றார்கள். சொன்னவர்கள் வெளியாட்கள் இல்லை, என் சொந்தக்காரர்கள். அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. எட்டு வருஷமாக அது என்னை அறுத்துக்கொண்டிருக்கிறது.

போன மாசம் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தபோது என் மகள் இந்தக் கதையை யார் வாயிலிருந்தோ கேட்டுவிட்டு வந்தாள். பத்தாவது படிக்கிறாள். “ஏம்மா, பால்தான கெட்டுப்போகும்? ஆச்சி எப்படி கெட்டுப்போவாவ?” என்று கேட்டாள். அவளுக்கு என் அத்தையும் ஆச்சிதான். அவள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் ‘நல்ல’ என்ற சொல்லை எங்கெல்லாம் வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். எங்கள் பக்கம் குறுமிளகை நல்லமிளகு என்போம். குடிக்கிற தண்ணி நல்லதண்ணி. கடித்தால் ஆளைக் கொல்லும் பாம்பு நல்லபாம்பு. அதன் மேல் உள்ள பயத்திலும் மரியாதையிலும் வந்த பெயர் அது. இந்த ‘நல்ல’ எதிலும் ஒழுக்கம் என்ற பேச்சே இல்லை. சரி, ‘நல்ல குடும்பம்’ என்கிறோமே, அதில் இருக்கிறதா? பெண் பார்க்கப் போகிறவர்கள் நல்ல குடும்பமா என்று விசாரிக்கையில் என்ன கேட்கிறார்கள்? எத்தனை கோட்டை விதைப்பாடு நிலம், என்ன ஆட்கள், வீட்டில் யாராவது ஓடிப்போயிருக்கிறார்களா. வயலில் அறுத்த பொம்பளைகளுக்குக் கூலியை ஒழுங்காக அளந்தார்களா என்று ஒருவரும் விசாரித்து நான் கேட்டதில்லை.

ஜெர்மன் தத்துவவாதி நீட்சே 1887இல் எழுதிய அறநெறியின் வம்சாவளி நூலில் இதே இடத்தைத்தான் தோண்டுகிறார். அவர் தத்துவத்துக்கு வரும் முன் மொழியியல் அறிஞர். 24 வயதில் பாசல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர். ஜெர்மனில் ‘கெட்ட’ என்று பொருள்படும் ‘ஷ்லெஹ்ட்’, ‘எளிய, சாதாரண’ என்று பொருள்படும் ‘ஷ்லிஹ்ட்’ இரண்டும் ஒரே சொல்லின் கிளைகள் என்று காட்டினார். முதலில் உயர்ந்தவர்கள் தங்களை ‘நல்லவர்’ என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த வட்டத்துக்கு வெளியே இருந்த எளியவன் ‘கெட்டவன்’ ஆனான். செய்த காரியத்தை வைத்துத் தீர்ப்பு சொல்வதெல்லாம் பிற்பாடு வந்தது என்கிறார். குற்றவுணர்ச்சிக்கும் கடனுக்கும் ஜெர்மனில் ஒரே வேர்ச்சொல் இருப்பதையும் அதே நூலில் எடுத்துப் பேசுகிறார்.

இதைப் படித்தபோது எனக்குத் தமிழ்தான் ஞாபகம் வந்தது. ‘கடன்’ என்றால் வாங்கின பணம், செய்யவேண்டிய தர்மமும் அதேதான். பாட்டி நேர்ந்துகொண்டதும் நேர்த்திக்கடன். ‘கடமை’ என்பது சோழ, பாண்டியர் கல்வெட்டுகளில் குடியானவன் கட்டவேண்டிய நிலவரி. ‘சேரி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஆடல்மகளிர் இருந்த தளிச்சேரி உண்டு, கம்மாளர் இருந்த கம்மாணச்சேரியும் உண்டு. சேரி என்றால் குடியிருப்பு, அவ்வளவுதான். இன்றைக்கு அந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறோம்? ‘சேரிப்பேச்சு’ என்றால் கெட்ட பேச்சு. தொல்காப்பியமோ சேரிமொழியால் பாடுவதை ஒரு செய்யுள் அழகாகவே, ‘புலன்’ என்று பேர் வைத்துச் சொல்கிறது. அந்தச் சொல் இன்றைக்கு வசவு ஆனதற்குக் காரணம் அங்கே வாழ்ந்தவர்கள் செய்த எந்தக் காரியமும் இல்லை. மேலே இருந்து பார்த்த கண் மாறியது, சொல்லும் மாறிவிட்டது.

ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் அந்தக் கால திருவிதாங்கூர். அங்கே நாடார் பெண்கள் மேலாடை போட்டு மார்பை மறைப்பது ஒழுக்கக்கேடு என்று சொல்லப்பட்டது. மறைத்தவர்களைச் சந்தையில் வைத்து அடித்துத் துணியைக் கிழித்தார்கள். பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1859இல்தான் அரச அறிவிப்பு வந்தது, அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. உடம்பை மூடுவது மானம் என்று இன்றைக்கு நம் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறோம். அதே உடம்பை மூடியதற்கு அன்றைக்கு அடி. இரண்டு காலத்திலும் சொன்னவர்கள் ‘முன்னோர் வகுத்த ஒழுக்கம்’ என்றேதான் சொன்னார்கள்.

ஆனால் நீட்சேயோடு கடைசி வரை என்னால் போக முடியவில்லை. ஒடுக்கப்பட்டவர்களின் அறம் உள்ளுக்குள் புழுங்கிய வன்மத்தில் பிறந்தது என்கிறார். காரையாற்றுக்குப் போய் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் சன்னதியைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள். முத்துப்பட்டன்தான் அந்தப் பட்டவராயன். பிராமணனான முத்துப்பட்டன், பொம்மக்கா திம்மக்கா என்ற சக்கிலியச் சகோதரிகளை விரும்பிப் போய்ப் பெண் கேட்கிறான். அவர்கள் அப்பா வாலப்பகடை அவனைத் திட்டவுமில்லை, காலில் விழவுமில்லை. பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா என்கிறார். என் தொழில் உன் தொழிலுக்குத் தாழ்ந்தது இல்லை என்று நினைக்கிற மனுஷன்தான் அப்படி நிபந்தனை போட முடியும். அதில் வன்மம் எங்கே இருக்கிறது? பட்டன் கற்றுக்கொண்டான். மாடு திருடர்களோடு சண்டையிட்டுச் செத்தான். இன்றைக்கும் அவனுக்கு நேர்ச்சை தோல்செருப்புதான். ஊர் எதை இழிவென்று ஒதுக்கியதோ அதுதான் அந்தச் சன்னதியில் காணிக்கை.

அந்தக் கதையிலும் பிற்பாடு கைவைத்தார்கள். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், காட்டில் கிடந்ததை எடுத்து வாலப்பகடை வளர்த்தார் என்று ஒரு வடிவம் உண்டு. நாங்குநேரியில் பிறந்த நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை இந்த மாற்றங்களை எடுத்துப் பேசியிருக்கிறார். ‘நல்ல’ ஆட்கள் கேட்டுத் தாங்க முடியாத கதையைத் தாங்குகிற மாதிரி திருத்தியிருக்கிறார்கள்.

அதே நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில், பன்னிரண்டாவது படித்த ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கச்சியையும் கூடப் படித்த பையன்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளியில் சாதிக்கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. கயிறு கட்டுகிற பையன் தான் ஒரு தப்பு செய்வதாக நினைப்பதில்லை. மானம், கௌரவம் என்று அவன் வீட்டில் சொல்லிக்கொடுத்த அறத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைக்கிறான். எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். நம் பக்கத்துக் கொலைகளில் பாதி ‘நல்லது’ என்று நம்பிச் செய்த கொலைகள்.

“அப்படின்னா நல்லது கெட்டதுன்னு ஒண்ணுமே இல்லைங்கியா?” என்று கொடை வீட்டில் சித்தப்பா கோபமாகக் கேட்டார். இருக்கு சித்தப்பா. அடுத்த உயிரின் நோவைத் தன் நோவாக நினைக்காவிட்டால் அறிவு இருந்து என்ன பிரயோசனம் என்று கேட்ட குறள் எனக்குப் போதும். அதே நூலில், நேர்மையும் நாணமும் நல்ல குடியில் பிறந்தவர்களிடம் மட்டுமே இயல்பாக இருக்கும் என்ற குறளும் இருக்கிறது. ‘பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்’ என்பதும் இருக்கிறது. மூன்றையும் தலையில் வைத்துக் கும்பிட என்னால் முடியாது. ஒன்றை விடத்தான் வேண்டும். எதை விடுவது என்று அத்தை அலசிப் போட்ட துணிகள் எனக்குச் சொல்லிவிட்டன.

கொடையன்று சாமக்கொடைக்கு அத்தை வந்தாள். கூட்டத்துக்குப் பின்னால், மயானக்கரைப் பக்கம் நின்றாள். சுடலை இறங்கி ஆடிக்கொண்டிருந்த கோமரத்தாடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே போய் அவள் நெற்றியில் திருநீறு பூசினார். சுடலையைத் தடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

வருகிற தையில் என் தம்பி வீடு பால் காய்ச்சுகிறான். பத்திரிகையில் அழைப்பவர் வரிசையில் அத்தை பெயரை முதலில் போட்டு, அச்சுக்குக் கொடுக்கும் முன் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டார். இரண்டு நாளாக ஒன்றும் சொல்லவில்லை. நாளைக் காலையில் அச்சுக்குக் கொடுக்கிறேன்.