சிப்போராளை யாரும் கேட்கவில்லை

போன மாதம் ஊழியக்காரர் குடும்பங்களுக்கென்று ஒரு ஒன்றுகூடல் நடந்தது. செய்தி கொடுக்க வந்த போதகர் நன்றாகத்தான் பேசினார், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இடையில் ஒரு கதை சொன்னார் பாருங்கள், கொரோனா ஊரடங்கு ஊழியக்காரர் குடும்பங்களுக்குக் கர்த்தர் தந்த ஓய்வுநாளாம், பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தவர்களை அவரே பிடித்து வீட்டில் உட்கார வைத்தாராம். மண்டபத்தில் இருந்த ஆண்கள் எல்லாரும் ஆமென் என்றார்கள். நாங்கள் சொல்லவில்லை. பக்தி குறைந்ததால் அல்ல. பாஸ்டர்மாரின் மனைவிமார் நாங்கள் பின்பக்கம் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தோம், யன்னலால் கேட்டதுதான்.

அன்றிலிருந்து இது தொண்டையிலேயே நிற்கிறது. என் கணவர் வாசித்த பிறகுதான் இதைப் போடுகிறேன். வாசிக்கும்போது இரண்டு இடத்தில் சிரித்தார், ஒரு இடத்தில் எழும்பி வெளியே போய்விட்டார். பிறகு வந்து "போடு" என்றார். சரி, போடுகிறேன்.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை, பின்னேரம் 6 மணிக்கு ஊரடங்கு. நாங்கள் இருப்பது மட்டக்களப்பில், திராய்மடுவில். சுனாமிக்குப் பிறகு நாவலடிச் சனங்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம், சபையில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள், மீதிப் பேர் மேசன் வேலை, கூலி வேலை. வீடுகள் எல்லாம் ஒரே அச்சு, எங்களுடையதும் அப்படித்தான், இரண்டு அறை, ஒரு முன்விறாந்தை, பின்னால் தகரம் போட்ட குசினி. முதல் வாரம் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. கலியாணம் முடித்து பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் முருங்கையிலை ஆய்ந்து தந்தார். சின்னவனுக்குப் பட்டம் கட்டிக் கொடுத்தார். நானும் நினைத்தேன், ஓம், இது கர்த்தருடைய ஈவுதான் என்று.

அந்தச் சந்தோஷம் இரண்டாவது ஞாயிறு வரைக்கும்தான். பிறகு லைவ் வந்தது.

மற்ற எல்லாச் சபைகளும் முகநூலில் ஆராதனை போடுகின்றன, நாம் போடாவிட்டால் சனம் என்ன நினைக்கும் என்று இவருக்கு ஒரே யோசனை. சிக்னல் கொஞ்சமாவது இருப்பது முன்னறையில்தான். அதனால் பிள்ளைகள் படுக்கும் அந்த அறை சபையாகிவிட்டது. கட்டிலை நிமிர்த்தி வைத்து, என் கலியாணக் கூறைச் சேலையை யன்னலில் திரையாகக் கட்டி, கதிரைக்கு மேல் மூன்று வேதப் புத்தகத்தை அடுக்கி அதன்மேல் போனை நிறுத்தினார். இரைச்சல் விழுகிறது என்று காற்றாடியும் நிற்பாட்டு. குசினியில் பாத்திரச் சத்தம் வரக்கூடாது. மகள் கத்தக்கூடாது, மகன் ஓடக்கூடாது, கடைக்குட்டி அழக்கூடாது. மட்டக்களப்பு ஏப்ரல் வெயிலில், தகரத்துக்குக் கீழே, மூன்று பிள்ளைகளோடு ஒன்றேகால் மணித்தியாலம் மூச்சுக் காட்டாமல் இருந்து பாருங்கள்! சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் சேவலும் கூவும். ஒரு ஞாயிறு அவர் உள்ளே குடும்ப ஐக்கியத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிறார், நான் இங்கே மகனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறேன். அவன் என் கையைக் கடித்தான். அதுவும் சரிதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த லைவை யார் பார்த்தார்கள்? கனடாவில் இருந்து ஆமென் போட்டார்கள், சுவிஸில் இருந்து கை கூப்பினார்கள். எங்கள் சபையில் முப்பத்தைந்து குடும்பம், அதில் அப்போது நல்ல போன் இருந்தது ஒன்பது வீட்டில், அந்த ஒன்பதிலும் டேட்டா போடக் காசு இருந்தது மூன்று நான்கு பேரிடம். பக்கத்து ஒழுங்கையில் தனியே இருக்கும் அம்மாச்சிக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. தளர்த்திய நாளொன்றில் வேலியால் எட்டிப் பார்த்துக் கேட்டா, "என்ன மனே, பாஸ்டர் ஐயாக்குச் சுகமில்லையா, ஆளையே காணல்ல" என்று. ஆயிரம் மைலுக்கு அப்பால் போன ஊழியம் நூறு அடி தாண்டவில்லை.

காணிக்கைக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இதை எங்கள் ஆட்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். பெரிய சபைகளில் போதகருக்கு மாதப்படி உண்டு. எங்கள் மாதிரிச் சின்னச் சபையில் ஞாயிற்றுக்கிழமைப் பையில் விழுவதுதான் திங்கட்கிழமை அரிசி. ஆராதனை நின்றால் பையும் நின்றது. அரசாங்கம் ஏப்ரலில் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் கொடுத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை, அதற்கு யாரையும் குறை சொல்ல வரவில்லை, போய்க் கேட்க இவருக்கு வெட்கம். கொடுக்கிற கை எப்படி நீட்டுவது என்று ஒரு வாதம். இந்த நேரத்தில் வெளிநாட்டில் இருக்கும் ஒரு சகோதரர் சபைச் சனத்துக்கு உலருணவு கொடுங்கள் என்று காசு அனுப்பினார். அரிசி, பருப்பு, சீனி, பால்மா, சவர்க்காரம். இரவிரவாக இருந்து முப்பத்தைந்து பொதி கட்டினோம். மகன் பால்மாப் பெட்டிகளை எண்ணிக்கொண்டே இருந்தான். எண்ணி முடித்து, "அப்பா, எங்கட வீட்ட எண்ணல்லையே" என்றான்.

இந்த இடத்தில்தான் அவர் எழும்பிப் போனார்.

ஒன்றும் திருட்டுப் போகவில்லை, முப்பத்தைந்தும் சரியாகப் போய்ச் சேர்ந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கிழமை வெறுந்தேத்தண்ணியும் பிட்டும். அடுத்த கிழமை ஒரு விசுவாசி வீட்டுப் பிள்ளை ஒரு சின்னப் பொலித்தீன் பையைக் கொண்டுவந்து தந்து, "அம்மா தந்தா" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டது. உள்ளே, நாங்கள் கொடுத்த பால்மாவில் பாதி!

அந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 12, ஊரடங்குக்குள். ஆலயத்துக்குப் போக முடியவில்லையே என்று எல்லாரும் அழுது எழுதினார்கள். என் மகள் அழவில்லை. "அப்பாடா, இந்த முறை போகத் தேவையில்லைதானே" என்றாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது. 2019 ஈஸ்டர் அன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளும் செத்தார்கள், மட்டக்களப்பில் இருக்கிற யாருக்கும் அதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் இந்தப் பிள்ளை வயிற்றுக்குத்து என்று சொல்லுவாள், நான் அதை ஆராதனைக்கு வரக் கள்ளம் என்று நினைத்து அதட்டிக் கூட்டிக்கொண்டு போவேன், பாஸ்டரின் மகள் வராவிட்டால் சனம் கதைக்குமே. பயத்தில்தான் வயிறு நோகிறது என்று வீட்டுக்குள் பூட்டப்பட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்த ஒரு விஷயத்துக்காக வேண்டுமென்றால் நானும் ஆமென் சொல்லுவேன். ஆனால் அதைக் கண்டுபிடித்தது ஓய்வில் அல்ல, உடுப்புத் தோய்க்கும்போது.

அப்புறம் மிஸ் கோல். குடிக்கிற புருஷனோடு ஒரே வீட்டில் அடைபட்ட பெண்களுக்கு ஊரடங்கு என்னவாக இருந்தது என்பதை ஆமென் சொன்னவர்கள் யோசிக்கட்டும். சாராயக் கடை பூட்டியதும் கசிப்பு, அதுதான் கள்ளச் சாராயம், ஓடியது. அந்தப் பெண்களால் வாய் திறந்து கதைக்க முடியாது, அவன் பக்கத்திலேயே இருப்பான். அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். ஒரு தடவை அடித்து நின்றால் ஜெபியுங்கள் அக்கா. மூன்று தடவை அடித்தால் பாஸ்டரை அனுப்புங்கள். மூன்று வந்தபோது இவர் ஊரடங்கென்றும் பார்க்காமல் வேலிகளுக்கிடையால் போயிருக்கிறார், அதை நான் மறைக்க மாட்டேன், நல்ல மனிதர். ஆனால் இரவு முழுக்கத் தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு, அது ஒன்றா மூன்றா என்று எண்ணிக்கொண்டு கிடந்தது நான். அதற்கு லைவும் இல்லை, ஆமெனும் இல்லை.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம், தியாகத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வில்லியம் ஓல்ட் பாதிரியாரை இழுப்பார்கள். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த முதல் மெதடிஸ்த மிஷனரி, எட்டு மாதம்போல உழைத்து 1815இல் இங்கேயே மரித்தார், அவர் தொடக்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. பெரிய மனிதர், மறுக்கவில்லை. அவருடைய மனைவி இங்கே வரும் வழியில் கப்பலிலேயே செத்துப்போனா. அந்த அம்மாவின் பெயரை ஒரு பிரசங்கத்திலாவது நான் கேட்டதில்லை.

யாத்திராகமம் 18ஆம் அதிகாரமும் அப்படித்தான். மாமனார் எத்திரோ வந்து மோசேயிடம், நீ தனியே எல்லாவற்றையும் சுமக்காதே, ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர் என்று தலைவர்களை வை என்கிறார். தலைமைத்துவக் கருத்தரங்கு எதற்குப் போனாலும் இந்தப் பகுதிதான். ஆனால் அதிகாரத்தின் தொடக்கத்தை வாசியுங்கள். எத்திரோ சும்மா ஆலோசனை சொல்ல வரவில்லை. மோசே திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும் கெர்சோம், எலியேசர் என்ற இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வனாந்தரத்துக்கு வருகிறார். மோசே எதிர்கொண்டு போகிறார், மாமனாரை வணங்குகிறார், முத்தம் செய்கிறார், ஒருவரையொருவர் சுகம் விசாரித்துக்கொண்டு கூடாரத்துக்குள் போகிறார்கள். செங்கடல் கதை முழுக்க மாமனாருக்குச் சொல்லுகிறார். சிப்போராளிடம் என்ன கேட்டார்? ஒரு வார்த்தை இல்லை. அடுத்த நாள் காலையிலேயே போய் நியாயம் விசாரிக்க உட்கார்ந்துவிட்டார், சாயங்காலம் வரை சனம் சுற்றி நிற்கிறது. மாமனார் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் வாய் திறக்கிறார். எனக்கென்னவோ அந்த மனிதர் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஆலோசனையைச் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது. வேதத்தில் அப்படி எழுதவில்லை, இது என் கற்பனை, சண்டைக்கு வராதீர்கள்.

இதை ஒரு இரவு கணவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் 2021இல் மே 21 பயணக்கட்டுப்பாடு வந்தபோது லைவ் போடவில்லை. முப்பத்தைந்து வீட்டுக்கும் முறை வைத்து, நாளுக்கு ஐந்து வீடு, சாதாரணக் கோல் எடுத்து ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்தார். அம்மாச்சிக்கு வேலியடியில் நின்று. முன்னறை பிள்ளைகளிடம் திரும்பியது. திங்கட்கிழமை வீட்டு நாள் என்று சபைக்குச் சொன்னார், அதற்கு இரண்டு குடும்பம் கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போனது, ஒரு மூப்பர் இன்றைக்கும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. செத்த வீடு, மூன்று மிஸ் கோல், இவை இரண்டுக்கும் திங்கள் கணக்கில்லை. மற்றதெல்லாம் செவ்வாய்.

ஒன்றுகூடல் ஒழுங்கு செய்யும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற வருடமும் இதே தலைப்பு என்று கேள்விப்பட்டேன். பேசுவதற்கு எங்களில் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். சமையலுக்குக் காசு கொடுத்து ஆள் வையுங்கள், அல்லது நீங்களே திருவுங்கள், துருவலை இரண்டு இருக்கிறது, நான் கொண்டுவந்து தருகிறேன்.