ஜிபிஎஸ் கருவிக்கு டேட்டாவும் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம்

"செல்போன் கோபுரம் நின்றுபோனால் காரில் வைக்கும், வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவியும் நின்றுவிடும், செயற்கைக்கோளுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும்." தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தியில் இரண்டுமே தவறு.

கருவி எதையும் அனுப்புவதில்லை. வானொலிப் பெட்டியைப் போலக் கேட்க மட்டுமே செய்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் துல்லியமான நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. நான்கின் சமிக்ஞை கிடைத்தால் போதும், நாம் நிற்கும் இடம் கணக்காகிவிடும். இதற்குக் கட்டணமே கிடையாது. வரைபடமும் கருவிக்குள்ளேயே இருக்கிறது. மின்வெட்டில் கோபுரங்கள் ஓய்ந்தாலும், டிராக்கன்ஸ்பெர்க் மலைச் சாலையில் போனில் ஒரு சிக்னல் கோடுகூட இல்லாவிட்டாலும், அது வழிகாட்டும். உடனுக்குடன் நெரிசல் நிலவரம் வேண்டுமென்றால்தான் இணைப்பு தேவை. சுரங்கப் பாதையில் வானம் மறைவதால் தடுமாறும். அது வேறு விஷயம்.

வாங்குபவர்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது வரைபடத்தின் வயது. 2008 வாக்கில் டர்பனில் தெருப் பெயர்கள் பல மாறின. பாயின்ட் ரோடு இன்று மகாத்மா காந்தி ரோடு. வெஸ்ட் ஸ்ட்ரீட் இன்று டாக்டர் பிக்ஸ்லி காசேமே ஸ்ட்ரீட். நான் மலிவாக வாங்கிய பழைய கருவி ஒன்று காந்தியின் பெயரைத் தேடித் தேடி, 'கிடைக்கவில்லை' என்றே காட்டியது. தென்னாப்பிரிக்க வரைபடம் உள்ளதா, அதை இலவசமாகப் புதுப்பிக்க முடியுமா என்று கடையிலேயே கேளுங்கள். ஏற்கெனவே ஸ்மார்ட்போன் இருந்தால், வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொண்டு டேட்டா இல்லாமலே ஓட்டலாம்.