வார்னிங்தானே, எரர் இல்லையே!

இந்த ஒரு வாக்கியத்தை இன்னொரு தடவை யாராவது என் காதில் போட்டால் கீபோர்டைத் தூக்கி அடித்துவிடுவேன். "வார்னிங்தானே அண்ணா, எரர் இல்லையே, ஓடுதுல்ல?"

ஓடும், ஓடும். நேற்று ராத்திரி பதினொன்றரை மணி வரை என்னை ஆபீஸில் உட்காரவைத்ததே அந்த ஓட்டம்தான். சி மொழியில் எழுதிய கோடை பில்ட் செய்ய மேக் என்று கட்டளை கொடுத்தால், அதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் திரை முழுக்க 214 வார்னிங் கொட்டுகிறது. அந்தக் குப்பைக்குள் ஒன்று, மதிப்பே வைக்காமல் பயன்படுத்திய ஒரு பாயின்டரைப் பற்றியது, அதாவது மெமரி முகவரியை வைத்திருக்கும் மாறி. கம்பைலர் பாவம், ஃபைல் பெயர், வரி எண் எல்லாம் சொல்லிக் கதறியிருக்கிறது. கோடு எழுதிய எங்கள் டீம் தம்பியின் மெஷினில், சோதனைக்கான டீபக் பில்டில் ஓடிய கோடு, வேகத்துக்காக ஆப்டிமைசேஷன் போட்டதும் நிஜ சாதனத்தின் போர்டில் படுத்துவிட்டது. நான்கு மணி நேரம் போச்சு!

காலையில் மீட்டிங்கில் அதே தம்பி சொல்கிறார்: "சி மொழியே மோசம் அண்ணா, ரஸ்டுக்கு மாறிடலாம்."

பல மெமரித் தவறுகளைத் தானே தடுக்கும் மொழியான ரஸ்ட் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. 2014-இல் சி கோடில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்ததே, எதிர்முனை சொன்ன நீளத்தை அப்படியே நம்பி நகலெடுத்ததில் ஒவ்வொரு தடவையும் 64 கிலோபைட் வரை சர்வரின் மெமரி வெளியே கொட்டியது. ரஸ்டில் முறையாக எழுதியிருந்தால் எல்லை தாண்டும்போதே நின்றிருக்கும். லினக்ஸ் கெர்னலே 2022-இல் ரஸ்டுக்குக் கதவைத் திறந்துவிட்டது. எல்லாம் சரி. ஆனால் வார்னிங்கைப் படிக்காத மனிதர் ரஸ்டில் என்ன செய்வார்? தவறு வருமா என்று பார்க்காமலே மதிப்பை எடுக்கும் அன்ராப், கண்ட இடத்தில். மெமரியை யார் பயன்படுத்தலாம் என்று சரிபார்க்கும் பாரோ செக்கர் திட்டினால் ஒரு குளோன், அதாவது நகல். அதற்கும் அடங்கவில்லையா, சில பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தும் அன்சேஃப் போட்டு மூடிவிட்டு டீ குடிக்கப் போவார்.

தம்பியை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நாங்கள் சி படித்த லட்சணம் அப்படி. நீலத் திரையில் டர்போ சி என்ற பழைய கம்பைலர், வாய்ட் மெயின், முதல் வரியில் கிளியர் ஸ்கிரீன். முழு எண்ணை வைக்கும் இன்ட் என்றால் இரண்டே பைட், 32767-உடன் ஒன்றைக் கூட்டினால் மைனஸில் போய் நிற்கும். ஏன் என்று கேட்டால் "அது அப்படித்தான்". 1988-இல் இன்டர்நெட்டில் தானே பரவிய மோரிஸ் வார்ம் உள்ளே நுழையப் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்று, நீளம் பார்க்காமல் உள்ளீட்டை வாங்கும் கெட்ஸ் ஃபங்ஷன். சி மொழியின் 2011 தரத்தில் அதைத் தூக்கியே எறிந்துவிட்டார்கள். எங்கள் ரெக்கார்ட் நோட்டில் மட்டும் சாகாவரம் பெற்று இருந்தது. அப்புறம் அந்த வைவா கேள்வி: ஐ-யின் மதிப்பு 5 என்றால் ஐ++ + ++ஐ எவ்வளவு? ஒரே கோவையில் ஐ-யை இரண்டு தடவை மாற்றுவதால் தரத்தின்படி இதற்கு விடையே கிடையாது. 12 என்று சொன்னால்தான் மார்க்.

பொறுத்துப் பார்த்துவிட்டு இன்று மீட்டிங் முடிந்ததும் பில்ட் விதிகள் இருக்கும் மேக்ஃபைலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். எந்த வார்னிங் வந்தாலும் எரராகக் கொள். அரைமணி நேரத்தில் மூன்று பேர் வந்துவிட்டார்கள், "அண்ணா, பில்ட் உடைஞ்சுபோச்சு" என்று. உடையட்டும், ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் என் வரியை வேலை செய்யாதபடி கமென்ட் ஆக்கி, அந்த மாற்றத்தை கமிட் செய்து பதிந்திருக்கிறார்கள். கமிட் மெசேஜ்: "பில்ட் சரிசெய்யப்பட்டது."